மாதாவிடம் கொடுத்த மனு

சவுரிமுத்து இறந்த முப்பத்தெட்டாம் நாள் சாராள் மொட்டையடித்துக்கொண்டாள். ஆகஸ்ட் கடைசியில், பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் பம்மலிலிருந்து காவி கட்டி நடந்துபோகும் கூட்டத்தோடு அவளும் போனாள். பல்லாவரம் தாண்டி, வேளச்சேரி தாண்டி, செருப்பில்லாமல் நடந்தாள். வழியில் யாரோடும் பேசவில்லை.

நோய் தீர்ந்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும் நன்றிக்காக முடி கொடுக்கும் இடம் அது. கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே முடி இறக்குகிறவர், "உனுக்கு மாதா இன்னாம்மா குடுத்தாங்க?" என்று சும்மா கேட்டுவைத்தார்.

"இன்னும் குடுக்கல. குடுக்கணும்" என்றாள் சாராள்.

அடுத்த புதன்கிழமை பம்மல் பங்குக் கோயிலில் அவள் கேட்டது என்ன என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. கோயில் வாசலில் பாறைக் குகை மாதிரி சிமெண்டில் கட்டிய மாதா கெபி இருக்கிறது. புதன்தோறும் மாலை ஐந்தரைக்கு அதன் எதிரில் நவநாள் செபம். மன்றாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் மைக்கில் தன் குறையைச் சொல்லலாம். மகனுக்கு வேலை, மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று ஒவ்வொருவரும் சொல்லி முடிக்க, கூட்டம் ஒரே குரலில் "தாயே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லும்.

சாராள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"தாயே, என் புருஷன் குடிச்சிட்டுத் தொட்டியில வுயுந்து செத்தான்னு துலுக்காணம் போலீசுல சொல்லிக்கீறான். பொய்னு உனுக்குத் தெரியும். எந்த வாயால சொன்னானோ அந்த வாய் அழுவிப் போவணும். உன் புள்ளகிட்டச் சொல்லி இத்த எனுக்கு வாங்கிக் குடு."

பழக்க தோஷத்தில் நாலைந்து பேர் "தாயே, எங்களுக்காக" என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். மீதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். பங்குச்சாமி அவசரமாக அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்தார்.

அவள் ஆத்திரத்துக்குக் காரணம் புரிய வேண்டுமானால் ஒன்பது வருஷம் பின்னால் போக வேண்டும். தோல் தொழிற்சாலையில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர உருளையை ஓட்டுகிற வேலை சவுரிமுத்துவுக்கு. சாராள் அதே பம்மலில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற பட்டறையில் மிஷின் போட்டாள். அவனுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ஒருநாள் போதையில் அவளைப் பிடித்துத் தள்ளினான். அப்போது அவளுக்கு ஐந்து மாசம். சுவரில் மோதி விழுந்தாள், குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு வேறு குழந்தை பிறக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கெபிக்குப் போய்த் தரையில் குப்புற விழுந்து கிடந்தான் சவுரிமுத்து. இனிமேல் தொட மாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, கழுத்தில் உத்தரியம் போட்டுக்கொண்டான். அந்தச் சின்னத் துணிப்பட்டை குளிக்கும்போதுகூட அவன் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. அதற்குப் பிறகு கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவன் ஒரு சொட்டு தொட்டதில்லை. சாராள் அவனை மன்னிக்க நாலு வருஷம் பிடித்தது. அவன் குடிக்காமல் கழித்த ஒவ்வொரு நாளையும் இறந்துபோன பிள்ளையின் பேரில் அவள் வாங்கிக்கொண்டாள்.

அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை காலை தொழிற்சாலையின் கழிவுத்தொட்டிக்குள் செத்துக் கிடந்தான். விஷவாயு. உடன் வேலை பார்த்த துலுக்காணம்தான் ஒரே சாட்சி. குடித்துவிட்டு வந்த சவுரிமுத்து தானாகத் தடுமாறி உள்ளே விழுந்தான் என்று அவன் போலீசில் சொல்லிக் கைநாட்டு வைத்தான். சவத்தின் வாயில் பிராந்தி வாடை அடித்தது என்று ஆஸ்பத்திரிக் காகிதமும் சொன்னது. ஆளைத் தொட்டியில் இறக்கினால் முதலாளி மேல் வழக்கு வரும். தானாக விழுந்தவனுக்கு அவர் என்ன செய்வார்? விபத்து என்று ஃபைலை மூடினார்கள். இரண்டு மாசத்தில் துலுக்காணம் சூப்பர்வைசர் ஆனான். அவன் மகன் குணாவுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது.

துலுக்காணம் யாரோ இல்லை. சாராள் வீட்டில் நூறு தடவை சாப்பிட்டவன். "அண்ணி, கருவாட்டுக் கொயம்பு கீதா?" என்று கேட்டுக்கொண்டே வாசற்படி ஏறுகிறவன். சவுரிமுத்து குடியை விட்டதை அவளுக்கு அடுத்தபடி நன்றாக அறிந்தவன் அவன்தான்.

சாராளின் அண்ணன் அசரியா அனகாபுத்தூரில் ஒரு சின்ன சபையில் போதகர். அவர்கள் பிறந்த வீட்டில் மாதாவைக் கும்பிடுகிற வழக்கம் கிடையாது. சாராள்தான் கல்யாணம் ஆகி இந்தக் கத்தோலிக்கப் பக்கம் வந்தவள். அவள் சபித்ததைக் கேள்விப்பட்டு அவர் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏம்மா, கர்த்தர் இருக்கும்போது நடுவுல ஒரு ஆள் எதுக்கு? நேரா அவர்கிட்டக் கேளு. பழிவாங்குறது எனக்குரியதுன்னு அவரே சொல்லியிருக்காரு."

"அவர்கிட்ட இந்தக் கேஸ எடுத்துகினு போவ முடியாதுண்ணா" என்றாள் சாராள். "ஏயு தரம் இல்ல, எயுபது ஏயு தரம் மன்னின்னு சொல்லி அனுப்பிடுவாரு. ஆணி அடிச்சவனையே மன்னிச்சவரு. அவுங்கம்மா கீயே நின்னு பாத்துகினு இருந்தாங்க. அவுங்க மன்னிச்சாங்கன்னு எங்கியாவது எயுதிக்கீதா? எனுக்கு எடுத்துக் காட்டு."

அசரியா காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

பங்குச்சாமியும் சொல்லிப் பார்த்தார். "மாதா இரக்கத்தின் தாய்மா. இந்த மாதிரி வேண்டுதலை அவங்க எடுத்துட்டுப் போக மாட்டாங்க."

"குடுத்தது நானு ஃபாதர். எடுத்துகினு போறதும் போவாததும் அவுங்க இஷ்டம். நடுவுல நீங்க பிரிச்சிப் பாக்காதீங்க."

அதற்குப் பிறகு அவளிடம் மைக்கைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் கவலைப்படவில்லை. இரண்டு வருஷம், ஒரு புதன் தவறாமல், ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்து, கெபியின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். தலைமயிர் மறுபடி தோள்வரை வளர்ந்தது. வேண்டுதல் ஒரு எழுத்து மாறவில்லை.

மூன்றாம் வருஷம் துலுக்காணத்தின் நாக்கில் ஒரு புண் வந்தது.

இருபது வருஷமாகப் புகையிலை அடக்கியவனுக்கு வருகிற புண்தான். ஆனால் பம்மலில் அதை யாரும் அப்படிப் பேசவில்லை. "மாதா எறங்கிட்டாங்கடா" என்றார்கள். காய்கறிக்காரி சாராளிடம் கொசுறாகக் கொத்தமல்லி கொடுத்து, "என் பேர என்னிக்கும் மனசுல வெச்சிக்காதக்கா" என்று பாதி சிரிப்பாகச் சொன்னாள். பட்டறையில் அவள் பக்கத்து மிஷின்காரி ஒரு வாரம் அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

சாராள் அன்றைக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். சவுரிமுத்து போனதிலிருந்து அவள் நாக்கில் ருசி என்று ஒன்று தங்கியதில்லை. அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். புளிப்பும் காரமும் நாக்கில் ஏற ஏற, அவன் நாக்கை நினைத்துக்கொண்டாள். வெட்கமாக இல்லை. நாலு வாய் அதிகமாகவே இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து சாராள் வீடு திரும்பியபோது, துலுக்காணத்தின் மனைவி முத்தாலம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கோவளத்துக் குப்பத்தில் பிறந்து, கேளம்பாக்கம் சந்தையில் மீன் விற்று வளர்ந்தவள். யார் காலிலும் விழுந்து பழக்கமில்லாதவள். சாராளைக் கண்டதும் எழுந்து வந்து காலைப் பிடித்தாள்.

"யக்கா, வெள்ளிக்கெயம ஆபரேசன். நாக்க எடுக்கறாங்களாம். டாக்டரு உசுருக்கே ஒறுதி இல்லன்றாரு. நீ போட்ட முடிச்சி யக்கா இது. நீதான் அவுக்கணும். உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லு."

"கால வுடு."

"எங்க முண்டகக்கண்ணிக்குக் கூய் ஊத்திட்டேன். உங்க மாதாகிட்டயும் போய் நின்னேன். நான் சொன்னா அவுங்களுக்கு யாருன்னு தெரியாது. நீ ரெண்டு வருசமா வர்றவ. நீ சொன்னாத்தான் கேப்பாங்க."

"என் புருசன் பொணத்துக்கு மேல குடிகாரன்னு எயுதுனாங்களே, அன்னிக்கு நீ யார்கிட்டப் போய்ச் சொன்ன?" சாராள் காலை உதறிக்கொண்டாள். "பங்குல குடிய வுட்டவங்க சபைன்னு ஒண்ணு கீது. அதுல அவுரு பேர அடிச்சாங்க. உத்தரியத்தோட பொதைக்கலாமா வேணாமான்னு பட்டிமன்றம் நடத்துனாங்க. போ. நாக்கு இல்லாம வாயட்டும்."

கதவைச் சாத்திக்கொண்டாள். முத்தாலம்மாள் போகும் சத்தம் கேட்கிறவரை கதவின் மேல் சாய்ந்து நின்றாள். மனசு குளிர்ந்துதான் இருந்தது. உலை வைத்தாள், அரிசி களைந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை நாக்கு போய்விட்டால் உண்மையும் அதோடு போய்விடும். தொட்டியில் என்ன நடந்தது என்று தெரிந்த வாய் உலகத்தில் அது ஒன்றுதான்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கெபிக்கு ஓடினாள். உச்சி வெயில், அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டா கேட்டத அப்படியே குடுத்துருவியா? அந்த வாய் அழுவிட்டா அவுருக்காக எந்த வாய் பேசும்? நான்தான் புத்திகெட்டுக் கேட்டேன், நீயாவது ரோசிக்கக் கூடாதா?"

மாதா எப்போதும்போலக் கைகளைக் கூப்பிக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தாள்.

அடுத்த நாள் காலை சாராள் பட்டறைக்குப் போகவில்லை. துலுக்காணம் வீட்டுக்குப் போனாள். மூன்று வருஷத்தில் அந்தப் படியை மிதித்தது அதுதான் முதல்முறை. அவன் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான். பாதியாக இளைத்திருந்தான். தாடை வீங்கி, வாயோரம் ஒழுகியதைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். அறை முழுக்க ஒரு நாற்றம். தோல் ஊறுகிற தொட்டியின் நாற்றத்தை அறிந்த அவளே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். தான் கேட்டது இதுதான் என்று கண்ணை அகற்றாமல் பார்த்தாள்.

"அண்ணி" என்றான் அவன். சொல் குழறியது. ஆனாலும் புரிந்தது.

"அண்ணின்னு சொல்லாத. இன்னா நடந்துச்சுன்னு சொல்லு."

அவன் மனைவியைப் பார்த்தான். முத்தாலம்மாள் மூலையில் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையாக, எச்சிலை விழுங்க முடியாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். தொட்டி அடைத்துக்கொண்டது. முதலாளி போன் போட்டு, லாரி வருவதற்குள் ஆள் இறங்கிச் சரிசெய்யச் சொன்னார். துலுக்காணம்தான் இறங்குவதாக இருந்தது. அவனுக்கு இருமல் என்று சவுரிமுத்து சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் இறங்கினான். ஏணியில் நாலாவது படியில் கை நழுவியது. அவ்வளவுதான்.

"தூக்கிப் போட்டோம். உசுரு இல்ல. மேனேஜரு ஒரு குவாட்டர எடுத்தாந்தாரு. வாயில ஊத்துன்னாரு. நான் மாட்டேன்னேன். குணாவுக்கு வேல வோணுமா வோணாமான்னாரு." அவன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். "நான்தான் அண்ணி ஊத்துனேன். பல்ல தொறந்து ஊத்துனேன். கயுத்துல இருந்த உத்தரியம் நனைஞ்சிது. அத்தத் தொடச்சிட்டு மறுபடி ஊத்துனேன்."

சாராள் இத்தனை நாள் அவன் பொய் சொன்னான் என்று மட்டும் நினைத்திருந்தாள். ஒன்பது வருஷம் மூடிவைத்திருந்த வாயைப் பிணமான பிறகு பிளந்து ஊற்றியிருக்கிறான். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒரு சொம்பு இருந்தது. அவள் கை அதன் கழுத்தைப் பிடித்தது. ஓங்கியிருந்தால் அந்த வீங்கிய தாடை தாங்கியிருக்காது. முத்தாலம்மாள் தடுக்க வரவில்லை. அவளுக்கும் அது புதுச் செய்தி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொம்பை வைத்துவிட்டு சாராள் சொன்னாள்: "புதன்கெயம ரெண்டு எடத்துல இத்த நீ சொல்லணும். காலைல கோர்ட்டுல. சாயங்காலம் மாதா முன்னாடி, அத்தினி பேரு எதிர்லயும். சொன்னா நான் அவுங்ககிட்டப் பேசறேன்."

"குணா வேல போயிரும்."

"போவட்டும்யா!" முத்தாலம்மாள் கத்தினாள். "பொணத்துக்கு ஊத்துன கையால எனுக்கு சோறு போட்டியே மூணு வருசம்! நாக்கு போனப்பறம் இன்னாத்தச் சொல்லப்போற? சொல்லிட்டுச் சாவு!"

கழிவுத்தொட்டிச் சாவு வழக்குகளை எடுத்து நடத்துகிற ஒரு வக்கீல் தாம்பரத்தில் இருந்தார், நித்யஸ்ரீ என்று. சவுரிமுத்து வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி அவர் போட்டிருந்த மனு, சாட்சி இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. சாராள் சொன்னதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். துலுக்காணத்தை நேரில் பார்த்துச் சொன்னார்: "சார், இதைச் சொன்னா உங்க மேலயும் கேஸ் வரும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" அவன் தலையாட்டினான். ஆபரேஷன் காகிதத்தைக் காட்டி அவசரம் என்று கேட்டு, புதன்கிழமை காலை மாஜிஸ்ட்ரேட்டிடம் வாக்குமூலத்துக்கு ஏற்பாடு செய்தார்.

அறைக்குள் சாராளை விடவில்லை. கோர்ட்டுத் தாழ்வாரத்துப் பெஞ்சில் முத்தாலம்மாளுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அவன் வெளியே வந்தபோது துண்டெல்லாம் ரத்தம். "ஃபுல்லா ரெக்கார்ட் ஆயிடுச்சு. ஒரு வார்த்தைகூட விடல" என்றார் நித்யஸ்ரீ. துலுக்காணம் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தான். வீட்டுக்குப் போகலாம் என்பதுபோல் பார்த்தான்.

"இன்னும் ஒரு எடம் பாக்கி" என்றாள் சாராள்.

மாலை நவநாளில் அவனைக் கைத்தாங்கலாகக் கெபி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பங்குச்சாமி சாராளின் முகத்தைப் பார்த்தார். மைக்கைத் தானே எடுத்துக் கொடுத்தார். துலுக்காணம் பேசினான். காலையில் இருந்த கொஞ்சநஞ்சக் குரலும் போயிருந்தது. மைக்கில் கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது. கூட்டம் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

சாராள் அவன் வாயருகே காதை வைத்தாள். மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் ஒரு வாக்கியம் சொல்ல, அவள் அதை அப்படியே உரக்கச் சொன்னாள்.

"சவுரிமுத்து குடிக்கல."

"மொதலாளி எறங்கச் சொன்னாரு. எனக்குப் பதிலா அவுரு எறங்குனாரு."

"செத்தப்பறம் நான்தான் அவுரு வாயில பிராந்தி ஊத்துனேன்."

அவள் குரலில் 'நான்' என்று அது வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சாராள் நிறுத்தவில்லை. குடியை விட்டோர் சபைத் தலைவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர் தலை குனிகிறவரை அவரையே பார்த்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை இரண்டாம் முறையும் சொன்னாள். யாரும் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்ததும் முத்தாலம்மாள் அவள் முந்தானையை இழுத்தாள். "இப்ப கேளு யக்கா. சொன்னபடி."

சாராள் மாதாவின் பக்கம் திரும்பினாள். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் 'மன்னிச்சிட்டேன்' என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. மாதா முன்னால் பொய் சொல்ல அவளால் ஆகாது.

"தாயே, நான் குடுத்த மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன். இவன் பொழைக்கணும்னு இவன் பொண்டாட்டி கேக்கறா. அவளுக்காக அத்த உன் புள்ளகிட்டச் சொல்லு. என் பேரு இதுல வேணாம்."

கூட்டம் மொத்தமும் பதில் சொன்னது. வரி தெரியாத முத்தாலம்மாள் ஒரு சொல் பிந்திச் சொன்னாள்.

துலுக்காணம் பிழைத்தான். நாக்கு இல்லை, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. அவன் மேலும் வழக்கு இருக்கிறது. குணாவுக்கு வேலை போயிற்று. கேளம்பாக்கத்தில் அம்மாவோடு மீன் விற்கிறான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாள் துலுக்காணம் சாராள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் உள்ளேயிருந்து பார்த்தாள், கூப்பிடவில்லை. கால்மணி நேரம் நின்றுவிட்டுப் போனான்.

அடுத்த மாசம் முதலாளியையும் மேனேஜரையும் கைது செய்தார்கள். இருபது நாளில் ஜாமீனில் வந்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா சாராள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் போய், கூண்டு தெரிகிற பெஞ்சில் உட்காருகிறாள். முதலாளிக்கு அறுபத்தெட்டு வயசு. சர்க்கரை, ரத்த அழுத்தம். போன வாய்தாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்தார்கள். சாராளுக்குப் பகீரென்றது.

அந்தப் புதன்கிழமை அவள் மைக்கை வாங்கி, முதலாளியின் பேரைத் தெளிவாகச் சொன்னாள்.

"தாயே, அவுருக்கு நல்ல சொகத்தக் குடு. சக்கர ஏறாம, நெஞ்சு வலி வராம பாத்துக்கோ. நீண்ட ஆயுசக் குடு."

பங்குச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. செபம் முடிந்ததும் அவளிடம் வந்து, "சாராள், பகைவனுக்காக வேண்டுறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?" என்றார்.

"தீர்ப்பு வர்றதுக்குள்ள அவுரு செத்துறக் கூடாது ஃபாதர்" என்றாள் சாராள். "அதுக்கப்பறம் உள்ள கெடக்கறதுக்கும் தெம்பு வோணும்."

தூறலுக்குக் குடையை விரித்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.